பழைய ஸ்கூட்டருக்குப் பகல் விளக்கு: பொள்ளாச்சியில் போட்டு ஒன்றரை வருடம் ஓட்டிய அனுபவம்

1,350 ரூபாய் செலவில் என் பழைய ஸ்கூட்டரின் முன்பக்கம் இரண்டு சின்ன எல்இடி விளக்குகள் போட்டிருக்கிறேன். சாவியைத் திருப்பினால் எரியும், எடுத்தால் அணையும். பகல் முழுக்க எரிந்துகொண்டேதான் ஓடுகிறது. வேலை செய்து கொடுத்தவர் பல்லடம் ரோட்டுப் பக்கம் சின்னதாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். கடைக்குப் பெயர்ப்பலகை கூடக் கிடையாது. போகவர தினமும் 28 கிலோமீட்டர், ஒன்றரை வருடம் ஓட்டிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் போட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வண்டி 2013இல் வாங்கிய 110 சிசி ஸ்கூட்டர், சாம்பல் நிறம். கோட்டூர் ரோட்டில் நான் போகும் வழியில் பாதி தூரம் மர நிழலும் தென்னந்தோப்பும்தான். காலை எட்டரை மணி வாக்கில் வெயில் சாய்வாக விழும்போது ரோடு முழுக்க வெளிச்சமும் நிழலும் திட்டுத் திட்டாகக் கிடக்கும். ஓட்டுவதற்கு அவ்வளவு சுகமான ரோடு. அந்தத் திட்டுகளுக்கு நடுவே சாம்பல் நிற வண்டியில் பழுப்புச் சேலை கட்டிய ஒருத்தி வருவது எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்படிப் போன ஒருநாள், எதிரே வந்த தேங்காய் டெம்போ ஒன்று, கொப்பரைக் களத்துக்குள் நுழைவதற்காக எனக்கு நேர் முன்னால் வலது பக்கம் திரும்பியது. பிரேக்கை அழுத்தினேன், வண்டி சறுக்கியது, விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன். டெம்போ ஓட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவனே ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். வழி முழுக்கத் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னான்: "சத்தியமா பாத்துட்டுத்தானுங்க டீச்சர் திருப்புனேன். ரோடு காலியாத்தான் இருந்துச்சு."

அன்றைக்குக் கோபம் வந்தது. பட்டப்பகலில், நேர் ரோட்டில், இவ்வளவு பெரிய ஆள் வந்தது தெரியவில்லையா என்று. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது படிக்கப் படிக்கத்தான் அவன் பொய் சொல்லவில்லை என்று புரிந்தது. அவன் பார்த்திருக்கிறான், ஆனால் நான் அவன் கண்ணில் பதியவில்லை. நேர் எதிரே வரும் இருசக்கர வண்டி மிகவும் ஒல்லியான உருவம். பஸ்ஸையும் லாரியையும் எதிர்பார்த்துத் தேடும் கண், அந்த ஒல்லியான உருவத்தை மரத்தோடும் கம்பத்தோடும் சேர்த்து விட்டுவிடும். அப்படியே கண்ணில் பட்டாலும், சின்னதாக இருப்பதால் தூரத்தில் வருவதாகத்தான் தோன்றும். நேராக நம்மை நோக்கி வரும் பொருள் பக்கவாட்டில் அசைவதில்லை, மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வரும். கடைசி ஓரிரு விநாடியில்தான் சட்டென்று பெரிதாகும். அதற்குள் ஸ்டியரிங்கைத் திருப்பி முடித்திருப்பார்கள்.

இதற்குத் தீர்வாகப் பல நாடுகள் செய்தது எளிமையான வேலை. பகலிலும் ஹெட்லைட்டைப் போடச் சொன்னார்கள். மலேசியாவில் 1992இல் மோட்டார் சைக்கிள்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். எதிராளி கவனிக்காமல் போவதால் நடக்கும் வகை விபத்துகள் ஏறக்குறைய 29 சதவீதம் குறைந்ததாக அங்கே செய்த ஆய்வு சொல்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான இன்னொரு ஆய்வில், பகலில் விளக்கு எரிய ஓட்டியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவாக இருந்தது. கருப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கும் 24 சதவீதம் குறைவு. அதைப் படித்த அன்றே என் கருப்பு ஹெல்மெட்டை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

நம் நாட்டில் 2017 ஏப்ரல் 1 முதல் வரும் புதிய இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே முன்விளக்கு எரியும்படிதான் செய்ய வேண்டும். அதனால்தான் இப்போதைய வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சே இருப்பதில்லை. ஆனால் எங்கள் ஊரில் அதற்கு முந்தைய வண்டிகள் இன்னும் எத்தனையோ ஓடுகின்றன. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். எல்லாமே கண்ணில் படாததால் நடந்தவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் விபத்து அப்படித்தான் நடந்தது.

கட்டுப் பிரித்ததும் முதலில் செலவில்லாத வழியைத்தான் பார்த்தேன். வண்டியில் இருக்கும் ஹெட்லைட்டையே பகலிலும் போட்டு ஓட்டினேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இதைச் செய்யலாம். என் வண்டி மாதிரியான பழைய ஸ்கூட்டர்களில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக வருகிறது, அதனால் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சிக்கல் இரண்டு. ஒன்று, ஐடிலில் நிற்கும்போது வெளிச்சம் மங்கிப்போகும். திருப்பத்தில் வேகம் குறைத்துக் காத்திருக்கும்போதுதான் நான் நன்றாகத் தெரிய வேண்டும், அப்போது பார்த்து விளக்கு மினுக் மினுக்கென்று சோர்ந்துபோகும். இன்னொன்று என் மறதி. காலையில் ஞாபகமாகப் போடுவேன், மாலையில் மறந்துவிடுவேன்.

வழியில் எல்லோரும் கையை மூடி விரித்துக் காட்டுவார்கள். டிவிஎஸ் ஃபிஃப்டியில் வரும் ஒரு பெரியவர் ஒரு வாரம் விடாமல், "அம்மணி, லைட்டு எரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருநாள் வண்டியை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். "அப்படீங்களா, செரி செரி" என்றவர், அடுத்த வாரம் தன் வண்டியிலும் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்து ஆன்லைனில் 450 ரூபாய்க்கு ஒரு எல்இடி பல்பு வாங்கி, ஹாலஜன் பல்பு இருந்த இடத்தில் மாட்டினேன். இதைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றுமே இல்லை. பகலில் பளிச்சென்று தெரிந்தது உண்மைதான். ஆனால் ஐடிலில் துடித்தது. ராத்திரியில் ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் மரக்கிளையிலும் எதிரே வருபவர் முகத்திலும் அடித்தது. நான் டிம்மில்தான் ஓட்டினேன், ஆனாலும் எதிரே வந்த எல்லோரும் டிம் பண்ணச் சொல்லி லைட்டை வெட்டினார்கள். என் பாதுகாப்புக்காக இன்னொருவர் கண்ணைக் கூச வைப்பது சரியில்லை என்று பத்தே நாளில் கழற்றிவிட்டேன்.

அப்போதுதான் கூட வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் இந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் அனுப்பினார். அவர் செய்த முதல் வேலை, கழற்றிய எல்இடி பல்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்ததுதான். "இந்த ஹெட்லைட் டூமு ஹாலஜனுக்குச் செஞ்சதுங்க டீச்சர். அதுல இழை எரியற எடம் ஒண்ணு, இந்த எல்இடி எரியற எடம் வேற. வெளிச்சம் செதறத்தான் செய்யும்." ஒளியின் எதிரொளிப்பை வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு நடத்துகிறேன், விளக்கு குவியப்புள்ளியை விட்டு விலகினால் என்னவாகும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அதே விஷயத்தை அவர் என் வண்டியில் காட்டினார்.

ஹெட்லைட்டையே பேட்டரிக்கு மாற்றிவிட முடியாதா என்று கேட்டேன். முடியாது என்று உடனே சொல்லிவிட்டார், காரணத்தையும் சொன்னார். பல்பு 35 வாட், ஏறக்குறைய மூன்று ஆம்பியர் இழுக்கும். என் வண்டியில் இருப்பது 12 வோல்ட், 3 ஆம்பியர்‑அவர் பேட்டரி. சார்ஜ் போதுமான அளவு ஏறாவிட்டால் ஒரு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். சார்ஜிங் பக்கத்தையும் சேர்த்து மாற்றினால் செய்யலாம், ஆனால் பழைய வண்டிக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்றார். கேட்டதையெல்லாம் செய்து காசு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

அவர் சொன்ன வழி இது. பழைய ஹாலஜன் பல்பு அதன் இடத்திலேயே, ராத்திரிக்கு. பகலுக்குத் தனியாக ஆளுக்கு ஐந்து வாட்டில் இரண்டு வெள்ளை எல்இடி, முன்பக்கம் கீழே இரண்டு ஓரத்திலும். இரண்டும் சேர்ந்து ஒரு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும். ஓரத்தில் வைத்தது எனக்குப் பிடித்தது. ஒற்றை விளக்கு ஒரு புள்ளி மாதிரிதான் தெரியும், அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பது கஷ்டம். மாலையில் ஹெட்லைட்டும் சேரும்போது மேலே ஒன்று, கீழே இரண்டு என்று முக்கோணமாகத் தெரியும். கிட்டே வர வர அந்த முக்கோணம் விரிவதை வைத்து எதிராளியின் கண் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வேலை சுத்தம். வண்டியின் ஒரிஜினல் வயரிங்கில் எங்கேயும் வெட்டவில்லை, வயர்கள் சேரும் கப்ளரிலிருந்து எடுத்தார். சாவியோடு விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் ரிலே, தனி ஃபியூஸ் இரண்டும் போட்டார். முறுக்கி டேப் சுற்றும் வேலையே இல்லை, எல்லா இணைப்பும் ஈயம் வைத்து மேலே ஸ்லீவ் போட்டது. கடைசியில் வண்டியை எதிர்ச் சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி நிறுத்தி, என்னை மேலே உட்கார வைத்து, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். எதிரே தன் கடைப் பையனை நிற்க வைத்து, "கூசுதாடா?" என்று கேட்டு, அவன் இல்லை என்ற பிறகுதான் போல்ட்டை இறுக்கினார். விளக்கு 650, ரிலேயும் ஃபியூஸும் வயரும் 300, கூலி 400. இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அப்புறம் என்ன மாறியது? எண்ணி வைத்துப் பார்க்கவில்லை, ஆனால் சொல்ல முடியும். முன்பெல்லாம் சந்திலிருந்தும் தோப்பு வழியிலிருந்தும் வண்டிகள் பாதி ரோட்டுக்கு மூக்கை நீட்டிவிட்டு என்னைப் பார்த்து நிற்கும். இப்போது ஓரத்திலேயே நிற்கிறார்கள். அதே கொப்பரைக் களத்தின் முன்னால் திரும்பக் காத்திருக்கும் டெம்போக்கள் நான் தாண்டும்வரை அசைவதில்லை. அந்தப் பையனையும் பிறகு இரண்டு மூன்று தடவை பார்த்தேன். "இப்பப் பாலத்துகிட்ட வரும்போதே தெரியுதுங்க டீச்சர்" என்றான்.

மர நிழலிலும், ஜூன், ஜூலை சாரலிலும், மாலை மேகம் இறங்கியிருக்கும்போதும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. உச்சி வெயிலில், மரமில்லாத ரோட்டில், அவ்வளவு தெரிவதில்லை. பின்னாலிருந்து முந்துகிற பஸ்காரர்களுக்கு இந்த விளக்கால் ஒன்றுமே ஆகப்போவதில்லை, அவர்களிடம் நான் இன்னமும் ஓரம் ஒதுங்கித்தான் போகிறேன். திருப்பத்தில் ஹாரன் அடிப்பதையும் விடவில்லை.

குறைகளும் உண்டு. எட்டாவது மாதம் மழையில் இடது பக்க விளக்குக்குள் தண்ணீர் புகுந்து அணைந்துவிட்டது. வேறு விளக்கு மாற்றிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை, விளக்குக்கு மட்டும் 325 ரூபாய் கொடுத்தேன். 650 ரூபாய் விளக்குக்குப் பதில் கொஞ்சம் விலை கூடிய, தண்ணீர் புகாத விளக்கை முதலிலேயே கேட்டிருக்கலாம். இன்னொரு தடவை, பள்ளி வாசலில் சாவியை எடுக்காமல் ஒரு பெற்றோரிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன், பேட்டரி இறங்கி செல்ஃப் எடுக்கவில்லை, கிக்கரை உதைத்துத்தான் கிளப்பினேன். கடையில் எப்போதும் கூட்டம். போனை எடுக்க மாட்டார். பில் கிடையாது. ஞாயிறு விடுமுறை, என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டுமே நேரம் கிடைக்கிறவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. நான் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே போய் வண்டியை விட்டுவிட்டேன்.

2017க்குப் பிறகு வாங்கிய வண்டி என்றால் உங்களுக்கு இது தேவைப்படாது. சிலர் பெட்ரோல் மிச்சம், பல்பு மிச்சம் என்று அதிலும் ஸ்விட்ச் வைத்து அணைத்துக்கொள்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய வண்டி என்றால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். ஒரு மாதம் ஹெட்லைட்டை டிம்மில் எரியவிட்டு ஓட்டிப் பாருங்கள், அதுவே போதும் என்று தோன்றினால் ஒரு ரூபாய் செலவு இல்லை. தனி விளக்குதான் வேண்டும் என்றால் வெள்ளை நிறம் போதும், மின்னி மின்னி எரிகிற வகையும் கலர் விளக்கும் வேண்டாம். சுவரில் வெளிச்சம் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பேட்டரி இறங்கியபோது அந்த அண்ணன் என்னிடம், "தனியா ஒரு ஸ்விட்ச் வெச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஸ்விட்ச் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் போட மறந்துவிடுவேன்.