பில்லில் புது ஏர் ஃபில்டர், பெட்டிக்குள் பழையது

சர்வீஸ் பில்லில் "ஏர் ஃபில்டர் மாற்றப்பட்டது" என்று ஒரு வரி இருந்தால், வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்பே பானெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். என்னிடம் அந்த வரிக்குப் பணம் வாங்கிக்கொண்டு, பழைய ஃபில்டரையே திரும்ப வைத்து மூடி அனுப்பியிருக்கிறார்கள். அதையும் ஒழுங்காக மூடவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்தே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முன்பக்கம் காற்றை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. முன்னால் அப்படி இருந்ததில்லை. வீட்டில் எஞ்சின் ஆறிய பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைப் பார்த்தேன். மூடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் ஒன்று உடைந்து தொங்கியது. அந்த மூலையில் மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு, விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

திறந்தால் உள்ளே மடிப்புக்கு மடிப்பு காய்ந்த இலைத் துணுக்கும் பூச்சி இறகும். நடுவில் சில மடிப்புகளில் காகிதம் பிசிறடித்துக் கிழிந்திருந்தது. கம்ப்ரெஸர் காற்றைப் பக்கத்தில் வைத்து அடித்தால் அப்படித்தான் கிழியும். சுற்றியிருக்கும் ரப்பர் ஓரம் இறுகிப்போய், பெட்டியின் விளிம்பு அதில் அச்சாகப் பதிந்திருந்தது. ஃபில்டரின் ஓரத்தில் பொறித்திருந்த தயாரிப்பு தேதி நான் வண்டி வாங்கியதற்கும் முந்தையது. அதாவது, வண்டியோடு வந்த அதே ஃபில்டர்.

மூடியின் உட்புறத்தையும் தடவிப் பார்த்தேன். ஃபில்டரைத் தாண்டி வந்த சுத்தமான காற்று மட்டுமே இருக்க வேண்டிய பக்கம் அது. விரலில் மாவு போல நைசான மண் ஒட்டிக்கொண்டு வந்தது. எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயிலும் அதே மண்.

"ஒரு ஃபில்டர்தானே, இதற்கு இவ்வளவு பேச்சா" என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 11 கிலோ காற்று தேவை. கொள்ளளவில் சொன்னால் சுமார் 9,000 லிட்டர். சாலைத் தூசியோடு வரும் இவ்வளவு காற்றுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருப்பது இந்த ஒரு காகிதம் மட்டும்தான். மண்ணில் இருக்கும் சிலிக்கா துகள் உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும், ஆயிலிலும் கலக்கும். அழுக்கேறிய ஃபில்டர் எஞ்சினை மூச்சுத்திணற வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த ஃபில்டரும் சரியாக மூடாத பெட்டியும் எஞ்சினையே அரித்துவிடும். எனக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது வகை.

பில்லையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "புது ஃபில்டர்தான் சார், தூசியில் ஓட்டினால் சீக்கிரம் இப்படி ஆகிவிடும்" என்றார் அங்கிருந்த அட்வைசர். தயாரிப்பு தேதியைக் காட்டியதும் பேச்சு மாறியது. "பையன் தெரியாமல் செய்துவிட்டான், சுத்தம் செய்து போட்டிருப்பான்." சரி, மாற்றாத பொருளுக்கு பில் போட்டது யார்? அதற்குப் பதில் இல்லை. ஃபில்டருக்கான பணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். மாற்றுவதற்கென்று தனியாக வாங்கிய கூலியைப் பற்றிப் பேசவே இல்லை. கிளிப் ஏற்கனவே உடைந்துதான் இருந்தது என்றார்கள்.

ஏமாற்ற இந்த வேலையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. டயர் மாற்றினால் கண்ணில் படும், ஆயில் மாற்றினால் அதை அளந்து பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி காட்டிக்கொடுக்கும். இந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. இத்தனைக்கும் பெரும்பாலான கார்களில் வீட்டிலேயே பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. கிளிப்புகளை விடுவித்து, சிலவற்றில் ஸ்க்ரூ இருக்கும், அதைக் கழற்றி, மூடியைத் தூக்கிப் பழையதை எடுக்க வேண்டும். மூடியோடு சேர்ந்திருக்கும் சென்ஸார் வயரை இழுத்துவிடக் கூடாது. கீழே கிடக்கும் இலையையும் மண்ணையும் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், உள்ளே காற்று அடிக்காதீர்கள். அப்புறம், பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கமாகப் புதியதை வைத்து, ரப்பர் ஓரம் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகு மூடுங்கள். கிளிப் சிரமப்பட்டு மாட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அழுத்தி உடைக்காமல் திரும்ப எடுத்து வையுங்கள்.

வெளியில்தான் செய்வேன் என்றால், வண்டியை விடும்போதே பழைய ஃபில்டரின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பழையதைப் புதியதன் அட்டைப்பெட்டியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பார்ட் நம்பர் பில்லோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் ஏமாற்றுகிறார்கள். ஏதோ ஒரு கறுத்த ஃபில்டரைக் கொண்டுவந்து காட்டி, "உடனே மாற்றாவிட்டால் மைலேஜ் பாதியாகிவிடும்" என்பார்கள். ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்களில், அதாவது எரிபொருளைக் கம்ப்யூட்டர் அளந்து செலுத்தும் கார்களில், அது உண்மை இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்தபோது, ஃபில்டர் அடைத்திருந்தாலும் இந்த வகைக் கார்களின் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, பிக்அப்தான் குறைந்தது. லேசாகச் சாம்பல் நிறமானதாலேயே தூக்கிப் போட வேண்டியதில்லை. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று உங்கள் கார் கையேட்டில் இருக்கும். மண் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டும். சில இடங்களில் ஏசி ஃபில்டரை எடுத்துக் காட்டி எஞ்சின் ஃபில்டர் என்பதும் உண்டு. ஏசி ஃபில்டர் பெரும்பாலும் டேஷ்போர்டு கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், எஞ்சின் ஃபில்டர் பானெட்டுக்குள். உங்கள் வண்டியிலிருந்து கழற்றுவதை நேரில் பார்க்காமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

இப்போது புது ஃபில்டரை நானே வாங்கிப் போட்டு, பெட்டியின் மேல் மூடியையும் மாற்றிவிட்டேன். உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே போன மண் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க, ஆயிலையும் தவணைக்கு முன்பே மாற்றி, வடித்ததில் கொஞ்சம் ஆய்வகச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். மண் கலந்ததைக் காட்டும் சிலிக்கான் அளவு கூடுதலாக வந்தால், அந்த ரிப்போர்ட்டோடு நுகர்வோர் புகார் கொடுக்கப்போகிறேன்.