பிஸ்மத் ஃபெரைட் வில்லைகள்: காந்தம் தேறியது, மின்சாரம் தேறவில்லை

எங்கள் ஆய்வகத்துக்காக 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் கொண்ட ஐந்து பிஸ்மத் ஃபெரைட் வில்லைகளை, ஆய்வுப் பொருள்கள் விற்கும் ஒரு நிறுவனத்திடம் வாங்கினோம். 'அறை வெப்பநிலையிலேயே மல்டிஃபெரோயிக்' (மின் ஒழுங்கும் காந்த ஒழுங்கும் ஒருங்கே கொண்ட பொருள்) என்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். பொருளைப் பொறுத்தவரை அது சரிதான். இதன் ஃபெரோமின் ஒழுங்கு, அதாவது மின்புலத்தால் திசை திருப்பக்கூடிய நிலையான மின்முனைவு (நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி நிற்பது), ஏறத்தாழ 830 டிகிரி செல்சியஸ் வரையிலும், இரும்பு அயனிகளின் எதிர்ஃபெரோகாந்த ஒழுங்கு (அடுத்தடுத்த அயனிகளின் காந்தத் திசைகள் எதிரெதிராக நிற்பது) 370 டிகிரி வரையிலும் நிலைத்திருக்கும். இன்னொரு மல்டிஃபெரோயிக்கான டெர்பியம் மாங்கனைட்டில் மின்முனைவைக் காண 28 கெல்வினுக்கு (சுமார் -245 டிகிரி செல்சியஸ்) கீழே இறங்க வேண்டும். இதில் அந்தச் சிரமம் இல்லை.

காந்தப் பக்கத்தில் எனக்கு முழுத் திருப்தி. வெப்ப அளவீட்டில் 370 டிகிரியை ஒட்டி ஒரு சிறு மேடு தெளிவாகத் தெரிந்தது. காந்தப்புலத்தை ஏற்றி இறக்கியபோது காந்தமாக்கம் நேர்கோட்டிலேயே சென்று திரும்பியது. அணுக்களின் காந்தத் திசை 62 நானோமீட்டருக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், தூய கட்டிப்பொருளில் அப்படித்தான் இருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வெவ்வேறு பாதையில் சென்று வளைவு ஒரு வளையமாக விரிந்திருந்தால் இரும்பு ஆக்சைடு கலப்பு இருக்குமோ என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

மின்பக்கம் அப்படி இல்லை. விவரத்தாளில் இருந்த மின்முனைவு வளையத்தின் முனைகள் கூராக இல்லாமல் உருண்டிருந்தன. வில்லையின் இரு முகங்களிலும் வெள்ளிப் பசை பூசி நாங்களே அளந்தோம். அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸிலிருந்து 1 ஹெர்ட்ஸ் வரை குறைக்கக் குறைக்க வளையம் உப்பிக்கொண்டே போனது. அதில் பெரும்பகுதி கசிவு மின்னோட்டம். கசிவை நீக்கிப் பார்க்க, ஒரே திசையில் இரு மின்னழுத்தத் துடிப்புகள் கொடுத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தபோது, தாளில் போட்டிருந்த மதிப்பில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சிதறல் படத்தில் 28 டிகிரி கோணத்துக்கு அருகே தெரிந்த சிறிய முகடு காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. சூளையில் பிஸ்மத் ஆவியாகி வெளியேறினால், கசிவுக்கு வழிவிடும் ஆக்சிஜன் வெற்றிடங்கள் உண்டாகின்றன. பிஸ்மத் குறைந்த வேறொரு சேர்மமும் உடன் விளைகிறது; அந்த முகடு அதனுடையது. அச்சேர்மத்துக்கு அறை வெப்பநிலையில் காந்த ஒழுங்கு கிடையாது என்பதால் காந்த அளவீட்டில் அது தலைகாட்டவில்லை. காந்த வளைவை மட்டும் பார்த்து வில்லை தூயது என்று முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதுவே போதும்.

காந்த ஆய்வுக்கு இவற்றைத் தயங்காமல் வாங்கலாம். மின்முனைவு ஆய்வுக்கு வாங்குவோர், துடிப்பு முறை அளவீட்டையும் அதிர்வெண்ணையும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே பணம் செலுத்துங்கள்.