பெயர் இருக்கிறது, ஃபைல் இல்லை: கிளவுடை விட்டு வெளியே வந்த கதை

ஏழு வருடம் ஒரு பெரிய கிளவுட் சேவைக்குச் சந்தா கட்டினேன். இப்போது நான்கு வருடமாக எல்லாம் என் சொந்தக் கணினிகளில்தான் சிங்க் ஆகிறது, அதாவது ஒன்றில் செய்த மாற்றம் மற்றதிலும் தானாக வந்துவிடுகிறது. மாறலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வெளியே வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு பயணம். இணையம் கிடைக்காத இடம், மறுநாள் காலை கொடுக்க வேண்டிய கட்டுரை, மடிக்கணினியில் ஃபோல்டரைத் திறந்தால் எல்லா வரைவும் வரிசையாகத் தெரிகிறது, அளவும் தேதியும் கூடச் சரியாக இருக்கிறது. கிளிக் செய்தால் இணைய இணைப்பு தேவை என்கிறது. இடம் மிச்சப்படுத்தும் வசதி என்று ஏதோ ஒரு அப்டேட்டில் வந்து, கொஞ்ச நாளாகத் திறக்காத ஃபைல்களின் உள்ளடக்கத்தை மட்டும் வட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பெயரை விட்டுவைத்திருக்கிறது. என்னைக் கேட்கவே இல்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. என் ஃபைல் என் வட்டில் இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட நேராகச் சொல்லாத ஒன்றை எப்படி நம்புவது?

இன்னொரு தொல்லை தமிழில் பெயர் வைப்பவர்களுக்கே உரியது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை க-வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பழைய மேக் கணினிகள் பிரித்து எழுதிவைக்கும், லினக்ஸ் இயங்குதளம் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். விளைவு, 'கோப்புகள்' என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில், பாதி ஃபைல் இதில், பாதி அதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒன்று சேர்த்தேன். (லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 'கோ' ஒன்றே குறைந்தது 6 பைட், அதனால் நீளமான தமிழ்த் தலைப்புகள் சீக்கிரமே முட்டிக்கொள்ளும்.)

மாற்று என்றதும் எல்லோரும் சொல்வது நெக்ஸ்ட்கிளவுட், நம் சொந்த சர்வரில் நாமே நிறுவிக்கொள்ளும் கிளவுட் மென்பொருள். அதே வகையான ஓன்கிளவுடிலிருந்து 2016-இல் பிரிந்து வந்தது. நாள்காட்டி, தொடர்புகள், படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் நல்ல தேர்வு. ஆனால் அது இயங்கத் தேவையான பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாவற்றையும் நாம்தான் பராமரிக்க வேண்டும், பெரிய பதிப்புகளில் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்கவும் முடியாது. ஃபைல் மட்டும் போதும் என்ற எனக்கு அது அதிகச் சுமை.

நான் நிலைத்தது சிங்க்திங் என்ற சிங்க் மென்பொருளில். ஃபைல்களைச் சேமித்துவைக்கும் சர்வர் நடுவில் கிடையாது, சாதனங்கள் முடிந்தவரை ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் அனுப்புகிறது. தமிழ்ப் பெயர்ச் சிக்கலுக்கும் உள்ளேயே வழி உண்டு, பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு இயல்பாகவே இயங்குகிறது. முக்கியமாக, ஃபைல் முழுதாக வந்துவிட்டதா இல்லையா என்று ஒளிக்காமல் காட்டுகிறது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு சாதனமும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் சிங்க் நடக்கும், அதனால் பழைய மடிக்கணினி ஒன்றை எப்போதும் ஓடவிட்டிருக்கிறேன். ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் திருத்திவிட்டால் ஒன்றின் பெயரில் 'சிங்க் கான்ஃப்ளிக்ட்' என்று தேதியோடு சேர்த்து இரண்டையும் வைத்துக்கொள்ளும், எது சரி என்று நாம்தான் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, இப்போது அதன் ஃபோர்க்கை, அதாவது அதே நிரலிலிருந்து வேறு சிலர் தொடரும் பதிப்பைத்தான் பயன்படுத்துகிறேன். பலர் சேர்ந்து ஒரே ஆவணத்தை ஒரே நேரத்தில் திருத்துகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு வேண்டாம், கிளவுடிலேயே இருங்கள்.

அப்புறம் ஒன்று, சிங்க் என்பது பேக்கப் அல்ல. ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி முதலில் அணைந்தே இருக்கும், நாம்தான் போட வேண்டும். போட்டாலும் வேறு சாதனத்திலிருந்து வந்த மாற்றத்துக்கு மட்டுமே பழைய நகல் சேமிக்கும், அதே கணினியில் நானே அழித்ததற்கு அங்கே நகல் இருக்காது. அதனால் அந்தப் பழைய மடிக்கணினியிலிருந்து தினமும் இரவு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் மூலம் தனி வட்டுக்கு ஒரு நகல் போகிறது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை அதிலிருந்து மீட்டெடுத்து, ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்துவிடுகிறேன்.