கோத்தகிரியில் மூன்றரை வருஷம்: நெட் நன்றாக வருகிறது, சுவர்தான் காயவில்லை

போன செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரில் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் வந்து கோத்தகிரி பஸ் பிடித்தேன். சர்வீஸ் பில் 11,400 ரூபாய். இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது தடவை. பஸ் அரவேனு வரும்போது சென்னைத் தோழியிடமிருந்து மெசேஜ். "ஆபீஸ்ல இனிமே முழுசா வீட்டிலிருந்தே வேலைன்னு சொல்லிட்டாங்க. நானும் கோத்தகிரிக்கு வந்துடட்டுமாடி?" மடியில் அந்த பில்லை வைத்துக்கொண்டு பதில் எழுத மனம் வரவில்லை. நாலு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன். முழுசாக ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது.

நானும் அம்மாவும் 2022 மே மாதம் இங்கே குடிவந்தோம். ஊட்டியைவிடத் தாழ்வு, அந்த அளவுக்குக் குளிராது, கூட்டம் குறைவு, மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் என்பதெல்லாம் இங்கே வர நினைக்கிற எல்லாரும் முதலிலேயே பார்த்துவிடுகிற விஷயம். நெட் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் இருக்கிறது, வீடியோ மீட்டிங் திக்காமல் போகிறது. பெருங்காற்றில் கற்பூர மரக் கிளை விழுந்து கேபிள் அறுந்தால் ஒரு நாள் போகும், சில சமயம் இரண்டு நாள். அதற்காக வேறு கம்பெனி சிம் ஒன்று வைத்திருக்கிறேன். கரண்டுக்கு இன்வெர்ட்டர். இவையெல்லாம் காசு கொடுத்தால் தீர்ந்துவிடுகிற தொல்லைகள்.

ஈரம் அப்படித் தீரவில்லை.

முதல் தடவை லேப்டாப் உயிரை விட்டபோது சர்வீஸ் கடைப் பையன் பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினான். சார்ஜர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், செப்புக் குடத்தில் களிம்பு ஏறுவதுபோல ஒரு பச்சைப் பொடி. "இதுல தண்ணி கொட்டிச்சா மேடம்?" என்றான். ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மலையில இருக்கீங்களா?" என்று கேட்டான். வாரண்டி இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆனால் திரவம் பட்ட சேதம் என்று எழுதிக் கம்பெனி கைவிரித்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நடந்தது என்ன என்று அப்புறம்தான் புரிந்தது. நவம்பர் விடியற்காலையில் மேஜைமேல் கிடக்கும் லேப்டாப்பின் உலோக உடம்பு சில்லென்று இருக்கும். நான் எழுந்ததும் ஹீட்டரைப் போடுவேன், பக்கத்திலேயே கெட்டிலில் டீக்குத் தண்ணீர் கொதிக்கும். அந்தச் சூடான ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் உள்ளேயும் வெளியேயும் பொடிப்பொடியாக வேர்க்கிறது. காபி குடிக்கும்போது மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிற அதே சங்கதிதான். மழையில் காட்டாமலேயே ஒன்றரை வருஷம் அதை நனைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் ராத்திரி சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஜிப் பைக்குள் போட்டு மூடிவிடுகிறேன். காலையில் அறை சூடான பிறகும் அரை மணி நேரம் பையைத் திறப்பதில்லை. பையும் உள்ளே இருப்பதும் அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்துதான் எடுக்கிறேன். கெட்டில் சமையலறைக்குப் போய்விட்டது.

இத்தனை செய்தும் மூன்றாவது தடவை போனதற்கு, நான் வேலை செய்கிற அறையின் சுவரைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த வீட்டை நாங்கள் ஏப்ரலில் பார்த்தோம். வெள்ளை பெயிண்ட், ஜன்னலுக்கு வெளியே தேயிலையும் சில்வர் ஓக்கும், நல்ல வெயில். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். அக்டோபர் கடைசியில் பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கரும்புள்ளி வந்தது. நவம்பர் முடிவதற்குள் இடுப்பளவு ஏறிவிட்டது. இங்கே நிறைய வீடுகள் சரிவை வெட்டிச் சமன் செய்து கட்டியவை. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயர மண். சரிவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் அந்தச் சுவர் வழியாகத்தான் வெளியே வரப் பார்க்கும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடம் விட்டு ஒரு கால்வாய் எடுத்திருந்தால் தண்ணீர் அதில் ஓடிப்போயிருக்கும். எங்கள் வீட்டில் அது கிடையாது. உரிந்து விழுந்த பெயிண்ட் பட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக்கு அடியில் பச்சை, அதற்கடியில் ரோஸ், அதற்கும் அடியில் இன்னொரு வெள்ளை. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்களுக்கும் இதே சுவர்தான் வாய்த்திருக்கிறது.

வீட்டுக்காரர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருஷமாக வாடகையை ஏற்றவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது அவர் ஜீப்பில்தான் போனோம். கால்வாய் வெட்டித் தருகிறேன் என்று சொல்லி இரண்டு மழைக்காலம் போய்விட்டது என்பதும் உண்மை.

மழைக் கணக்கிலும் ஏமாந்தேன். நீலகிரி என்றால் ஜூன், ஜூலையில் கொட்டும், அதைத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அது மாவட்டத்தின் மேற்கே இருக்கிற கூடலூர்ப் பக்கத்துக் கணக்கு. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா சிகரம் குறுக்கே நிற்பதால் தென்மேற்குப் பருவமழை எங்களுக்குக் குறைச்சல். கோத்தகிரி கிழக்குச் சரிவு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை நேராக எங்கள்மேல் வந்து விழும். 2009 நவம்பரில் இந்த மழையில்தான் குன்னூர், கோத்தகிரிப் பக்கமெல்லாம் மண் சரிந்து, மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ராத்திரி விடாமல் பெய்தால், பின்சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் மண்ணை நினைத்தபடி படுத்திருப்பேன்.

எதிர்வீட்டு அக்கா இல்லையென்றால் முதல் வருஷமே மூட்டை கட்டியிருப்போம். படகர் குடும்பம், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். அம்மாவின் பட்டுப்புடவையில் பூசணம் பூத்திருந்ததைக் காட்டியபோது, முதலில் பீரோ நிற்கிற இடத்தைத்தான் பார்த்தார். "ஏம்மா, சுவத்தோட ஒட்டி வெச்சா அது எப்படிம்மா மூச்சு விடும்?" இரண்டு பேருமாக நாலு விரற்கடை முன்னால் நகர்த்தினோம். அப்புறம் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் துணி அலமாரியைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டில் கம்பிக்கூண்டுக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. துணியில் கை வைத்தால் இஸ்திரி போட்டு எடுத்ததுபோல இளஞ்சூடு. எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு வராது. குண்டு பல்பு எந்தக் கடையில் இன்னும் கிடைக்கிறது என்பதையும் அவரே சொன்னார். துணி மேலே படாமல் கூண்டு கட்டாயம் வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

வேலை அறைக்கு ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கினேன். மழை நாளில் ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் அதன் தொட்டியிலிருந்து ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொட்டுகிறேன். அந்த அறைக் காற்றில் இருந்த தண்ணீர் அது! மெஷின், ஹீட்டர், பல்பு மூன்றும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கரண்ட் கட்டண அடுக்கே மாறிவிடும். வாடகை மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போட வேண்டும். சாலை பற்றி ஒரு வரி: மே மாதக் கூட்டத்தில் ஊட்டிக்குப் போகிற வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள், அந்த நாட்களில் நாங்கள் வெளியே கிளம்புவதில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும், அது நிஜமாகவே நிறைய இருக்கிறது. மழை விட்டு, டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச்வரை வருகிற நாட்களுக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வானம் கழுவி வைத்ததுபோல இருக்கும். சாயங்கால மீட்டிங் முடிந்து வாசல்படியில் உட்கார்ந்தால் மேட்டுப்பாளையத்து விளக்குகள் கீழே ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும். சென்னையில் எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு தலை கனத்துக் கிடக்கும். இங்கே அந்த நேரத்துக்கு இன்னொரு நாள் பாக்கி இருப்பதுபோல இருக்கிறது. சென்னையில் தெருமுனைவரைகூட நடக்காத அம்மா, இங்கே தினமும் மார்க்கெட்வரை நடந்துபோய் மேரக்காயும் அவரையும் வாங்கி வருகிறாள். மூன்றரை வருஷத்தில் சர்க்கரை மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது. நவம்பரில் இரண்டு வாரம் அவளுக்கு இளைப்பு வருவதையும் மறைக்க முடியாது. கோயம்புத்தூர் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "வீட்டுச் சுவத்துல பூசணம் இருக்கா?"

தோழிக்கு என் பதில்: வராதே. உன் பையனுக்கு வீசிங் இருக்கிறது. ஒரு நவம்பர் முழுக்க இங்கே இருந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே. ஏப்ரலில் பார்க்கிற வீடு வேறு, நவம்பரில் குடியிருக்கிற வீடு வேறு. நான் மலையை விட்டு இறங்கப் போகிறேனா என்றால், இல்லை. அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "வீட்டை மாத்து, ஊரை மாத்தாதே" என்றாள்.

அதனால் வெயில் விழுகிற சரிவாகப் பார்த்து வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்று கொட்டுகிற மழையில் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். புது பெயிண்ட், பளிச்சென்று இருந்தது. நேராகப் பின்னறைக்குப் போய்ச் சுவர் அலமாரியைத் திறந்தேன். கண் எரிகிற அளவுக்கு அந்துருண்டை வாசம். கதவை மூடிவிட்டு, நன்றி சொல்லி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று பார்க்க வேண்டும்.