தாத்தா வீட்டு பைபிளை பைண்டிங் பண்ணக் கொடுத்தேன் - பாளையங்கோட்டை கடை அனுபவம்

பழைய பைபிள், பாமாலை, கீர்த்தனைன்னு கோயில் பாட்டு புக்கெல்லாம் வீட்ல தையல் விட்டு கெடக்கு, எங்க கொடுக்குறதுன்னு தெரியலன்னு இருக்கவங்களுக்காக இத எழுதுறேன். பாளையங்கோட்டைல ஊசிக் கோபுரம் சர்ச்சுல இருந்து நடந்து போற தூரத்துல சின்ன பைண்டிங் கடை, போர்டு கிடையாது, ஸ்கூல் ரெக்கார்டு நோட்டும் ஆபீஸ் லெட்ஜரும்தான் அங்க பெரும்பாலும் வர்ற வேலை. அண்ணாச்சி ஒரு ஆளு, உதவிக்கு ஒரு பையன், அவ்வளவுதான்.

எங்க பைபிள் பவர் ஐயர் திருப்புதல், ஹென்றி பவர்ங்கிற பாதிரியார் பண்ணது. 1871-ல முழுசா வந்த மொழிபெயர்ப்பு, நம்ம கோயில்ல இன்னிக்கும் வாசிக்கிறது அதுதான். எங்க கைல இருக்கது எங்க பூட்டன் வாங்குனது. அவங்க தேரிக்காட்டு ஊர் ஒண்ணுல உபதேசியாரா (சபை ஊழியரா) இருந்து, அப்புறம் இந்திய மிஷனெரி சங்கம் மூலமா தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல் பக்கம் ஊழியத்துக்குப் போனவங்க. 1903-ல இதே பாளையங்கோட்டைல ஆரம்பிச்ச சங்கம் அது, நம்ம ஆளு, நம்ம காசு, நம்ம நிர்வாகம்னு வெளிநாட்டுப் பணத்த நம்பாம நடத்துனாங்க. அதுக்கு முன்ன நின்னவர் வெள்ளாளன்விளை அசரியா, 1912-ல தோர்ணக்கலுக்கு பிஷப் ஆனவர், இந்தியர்கள்ல முதல் ஆங்கிலிக்கன் பிஷப்பே அவர்தான், அவரும் ஒரு குருவானவர் (பாதிரியார்) மகன். எங்க பூட்டன் அங்க போய் தெலுங்கு படிச்சிருக்காங்க, பைபிள் ஓரத்துல தமிழ் வசனத்துக்குப் பக்கத்துல கறுப்பு மையில பொடிப்பொடியா தெலுங்கு வார்த்தை எழுதி வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் தாத்தா, குருவானவர், பென்சில்ல தேதியும் எந்த ஊர்ல பிரசங்கம் பண்ணாங்கன்னும் குறிச்சிருப்பாங்க. பழைய ஏற்பாட்டுல மல்கியா முடிஞ்சு புதிய ஏற்பாட்டுல மத்தேயு தொடங்குற எடத்துல இருக்க வெத்துப் பக்கத்துல பொறப்பு, ஞானஸ்நானம், இறப்பு எல்லாம் ஆச்சி கையெழுத்து.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, போன தடவ தாத்தாவோட பாமாலைய வேற ஒரு கடைல கொடுத்து ஏமாந்தோம். மூணு பக்கமும் கட்டிங் மெஷின்ல வச்சு ஓரத்த வெட்டி பளிச்சுனு ரெக்சின் போட்டு கொடுத்துட்டாங்க, தாத்தா எழுதுனதுல பாதி குப்பைத்தொட்டிக்குப் போயிட்டு. ஆச்சி அத மடில வச்சுகிட்டு ஒண்ணுமே பேசல. அன்னைலேர்ந்து பைபிள எவன்கிட்டயும் கொடுக்க எனக்கு மனசு வரல, ஆனா என் தம்பி மதுரை அரசரடி இறையியல் கல்லூரில படிச்சு முடிச்சிட்டான், டீக்கன் பட்டம் (குருவானவர் ஆகுறதுல முதல் படி) வருது, அன்னைக்கு கைல இத எடுத்துட்டுப் போகணும்னு சொல்றான், அதான் வேற வழியில்லாம இந்த அண்ணாச்சிகிட்ட போனேன்.

அவர் முதல்ல கேட்டதே "எழுத்து இருக்க ஓரத்த வெட்டக் கூடாதுல்லா?"ன்னுதான். அந்த ஒரு கேள்விலயே எனக்கு நிம்மதி. புக்கு முதுகுல இருந்த பழைய பசை மேல மைதா பசைய ஈரமா தடவி கொஞ்ச நேரம் ஊற விட்டாரு, அப்புறம் மொட்டைக் கத்தியால மெதுவா சுரண்டுனாரு, அவசரமே இல்ல. ஃபாரம் ஃபாரமா, அதாவது ஒண்ணா மடிச்ச தாள் கட்டு கட்டா பிரிச்சு, மடிப்பு கிழிஞ்ச எடத்துல மட்டும் மெல்லிசு பேப்பர் பட்டை ஒட்டி, மெழுகு தேச்ச நூல்ல கைத்தையல். பூச்சி வராம இருக்க பசைல துத்தம் கலப்பாராம். மேல கறுப்பு காலிகோ துணி, தங்க எழுத்து வேணாம்னு நான் சொன்னேன், அவரும் அதான் நல்லதுன்னாரு.

நான் பக்கத்துல உக்காந்து பாத்துகிட்டே இருந்தேன். அப்பதான் அண்ணாச்சி ஒண்ணு சொன்னாரு, "தம்பி, மூணு பேரும் ஒரே எடத்துல கோடு போடலயே." உண்மைதான், எத்தனையோ வருசமா பாக்குறேன் எனக்குத் தோணல. பூட்டன் கோடு போட்டது அப்போஸ்தலர் நடபடிகள்ல, தாத்தா கோடெல்லாம் எரேமியாவுல, ஆச்சி சங்கீதத்துலயும் ரெண்டாம் தீமோத்தேயுல அவரோட பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் பேரு வர்ற வசனத்துலயும். எங்க பக்கத்துல பாதிரியார ஐயர்னுதான் சொல்லுவோம், ஐயர் மகன் ஐயராத்தான் ஆகணும்னு ஒரு பேச்சு உண்டு, எங்க அப்பா ஈபி வேலைக்குப் போனதுக்கு எத்தன பேர்கிட்ட பேச்சு வாங்கியிருப்பாங்க. ஆனா இந்தப் புஸ்தகத்துல யாரும் யாரையும் பாத்து எழுதல, அவங்கவங்களுக்கு கேட்ட வார்த்தைல அவங்கவங்க நின்னுருக்காங்க. அப்பா கோடே போடல, ஆனா தம்பி படிப்புக்கு மூணு வருசம் பணம் கட்டுனது அவங்கதான், அதையும் ஊழியம்னுதான் நான் சொல்லுவேன். ஆச்சி பேருக்கு முன்னால ஒரு பட்டமும் இல்ல, ஆனா சேகரத்துல, அதாவது எங்க சபை வட்டாரத்துல, பாதி பொம்பளைங்களுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது ஆச்சி.

குறைன்னா ரெண்டு இருக்கு. 12 நாள்னு சொல்லி 26 நாள் ஆச்சு, ஸ்கூல் ரெக்கார்டு சீசன்ல போனா அப்படித்தான், குருப்பட்டம், கல்யாணம்னு தேதி வச்சிருக்கவங்க ரெண்டு மாசம் முன்னாடியே கொடுத்துடுங்க. முதுகு இப்ப கொஞ்சம் விறைப்பா இருக்கு, ஆதியாகமத்த விரிச்சு வச்சா தானா மூடிக்குது, பழகப் பழக சரியாகும்னு சொல்றாரு, பாப்போம். 1,800 ரூபாய் வாங்குனாரு, பாத்த வேலைக்கு அது கம்மி. கடைசில நாலு வெத்துத் தாள் சேர்த்து தச்சிருந்தாரு, நான் கேக்கல, "உங்க தம்பி எழுதணும்லா"ன்னாரு.

கொடுக்கப் போறவங்க ஒண்ணு செய்ங்க, உள்ள இருக்க லூசுப் பேப்பர், காணிக்கை ரசீது, காஞ்ச பூ எது எந்தப் பக்கத்துல இருந்துச்சுன்னு முன்னாடியே போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அவர் ஒண்ணொண்ணா கேப்பாரு, எனக்குத் தெரியல, அதனால கடைல இருந்தே ஆச்சிக்கு போன் போட்டேன், 88 வயசுல அவங்க எசேக்கியேல்ல எந்த அதிகாரம்ங்கிற வரைக்கும் சரியா சொன்னாங்க.