60 மைல் வேகத்தில் உதறும் ஸ்டீயரிங்: பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவனின் அனுபவம்

இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் காரான மஸ்தா எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறை வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டு வண்டி ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில் அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இப்படி நீண்டுவிட்டது. 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு) என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவையே. இந்த வண்டியில் என்னை அதிகம் மகிழ்வித்ததும் அதிகம் அலைக்கழித்ததும் ஸ்டீயரிங்தான் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மணிக்கு 55 மைலைத் தாண்டியதும் ஸ்டீயரிங் இடவலமாக உதறத் தொடங்கும். 60-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போய், 70-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய அடங்கிவிடும். இது ஒரு குறை. இன்னொன்று, நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியில் தெரிந்த தொளதொளப்பு. சற்றே திருப்பினால் வண்டி கேட்காது. இன்னும் கொஞ்சம் திருப்பிய பிறகுதான் முன்பக்கம் அசையும். பக்கக்காற்று அடிக்கும் நாளில் எம் 40 நெடுஞ்சாலையில் ஓயாமல் திருத்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. வண்டியைப் பார்த்த ஒர்க்‌ஷாப்காரர்கள் இந்த இரண்டையும் ஒரே நோயாகவே எடுத்துக்கொண்டார்கள். தொளதொளப்பு இருப்பதால் உதறுகிறது, டை ராட் எண்டை, அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டை, மாற்றினால் இரண்டும் போய்விடும் என்றார்கள். மாற்றியும் பார்த்தாயிற்று, இரண்டும் அப்படியே இருந்தன.

உதறலைத் தானாக உருவாக்கும் சக்தி தேய்ந்த மூட்டுக்குக் கிடையாது. சுழலும் ஏதோ ஒன்றுதான் அதை உருவாக்க வேண்டும். தேய்ந்த மூட்டு அதைத் தடுக்காமல் கைவரை கடத்திவிடும், சில சமயம் பெருக்கியும் விடும். ஆகவே உதறலின் மூலத்தைத் தனியாகவும் தொளதொளப்பின் மூலத்தைத் தனியாகவும் தேட வேண்டும். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நிறையப் பணம் மிஞ்சியிருக்கும்.

எது சுழல்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பாதி கண்டுபிடித்துவிடலாம். என் வண்டியில் முந்தைய உரிமையாளர் போட்ட 15 அங்குல அலாய் வீல்களும் 195/50 அளவு டயர்களும் இருக்கின்றன. அந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.81 மீட்டர். மணிக்கு 60 மைல் என்பது நொடிக்கு 26.8 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 15 முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுழல்கிறது. பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சிலின் பல்விகிதம் 4.3 என்பதால், சக்கரம் ஒரு முறை சுழல 4.3 முறை சுழலும்; அதே வேகத்தில் அது நொடிக்கு 60 முறைக்கு மேல். நொடிக்கு 15 என்பது கையில் தனித்தனி உதறலாகத் தெரியும். 60 என்பது இருக்கையிலும் தரையிலும் ரீங்காரமாகத்தான் தெரியும். இந்த வண்டியில் கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலில் உள்ள டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று உண்டு. கிளட்ச் மாற்றும்போது அதைக் கழற்றி, உயரம் பார்க்காமல் திரும்பப் பூட்டினால் அந்த ரீங்காரம் வரும். என் கையில் தெரிந்தது அதுவல்ல. பிரேக்கை மிதித்தபோது உதறல் கூடவில்லை என்பதால் டிஸ்க்கையும் ஒதுக்கிவிடலாம். மிஞ்சுவது முன்சக்கரங்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு டயர் கடையில் பேலன்சிங் (சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி சரிசெய்வது) செய்தார்கள், உதறல் போகவில்லை. வேறொரு கடையில் செய்தார்கள். அங்கும் மெஷின் பூஜ்யம், அதாவது எடை வித்தியாசம் இல்லை என்று காட்டியது, சாலையில் உதறல் அப்படியே இருந்தது. டயர் பழசு என்றார்கள். பக்கச்சுவரில் அச்சாகியிருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால், அது தயாரான வாரமும் ஆண்டும் ஒன்றும் அவ்வளவு பழசில்லை. பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1989-இல் சிகாகோவில் முதன்முதலாகக் காட்டப்பட்ட நாளிலிருந்து, லேசான எடையும் கையோடு பேசும் ஸ்டீயரிங்கும்தான் இந்த வண்டியின் அடையாளம். அது வயதானால் உதறியே தீரும் என்பது சோம்பேறித்தனமான பதில்.

கடைசியில் சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக், வீலை மெஷினில் ஏற்றாமல், வண்டியிலேயே வைத்து, மயிரிழை விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினார். வலது முன்சக்கரத்தில் முள் ஒரு பக்கம் ஏறி இறங்கியது. பிறகு வீலைக் கழற்றிப் பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். எம்எக்ஸ்-5-இல் வீல் பூட்டப்படும் ஹப்பின் நடுமுனை 54.1 மில்லிமீட்டர், என் அலாய் வீலின் நடுத்துளை 67.1 மில்லிமீட்டர். இடையிலுள்ள வெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் வளையம் வேண்டும். கடைக்காரர்கள் அதை ஸ்பிகாட் ரிங் என்பார்கள். மற்ற மூன்று வீல்களில் அது இருந்தது, இதில் இல்லை. டயர் மாற்றிய ஏதோ ஒரு கடையில் கழன்று விழுந்திருக்க வேண்டும், யாரும் அதைத் திரும்பப் பொருத்தவில்லை.

மெஷின் ஏன் பூஜ்யம் காட்டியது என்பது அப்போதுதான் விளங்கியது. மெஷினில் வீலைக் கூம்பு ஒன்று நடுத்துளையில் பிடித்து மையப்படுத்துகிறது. வண்டியிலோ, வளையம் இல்லாதபோது, நான்கு நட்டுகளின் சாய்வு மட்டுமே மையப்படுத்த வேண்டும். வண்டியின் பாரம் தரையில் இருக்கும்போது, நட்டை ஏர் கன் கொண்டு ஒரு பக்கமாக முறுக்கினால் வீல் மயிரிழை தள்ளி உட்கார்ந்துவிடும். டயரும் ரிம்மும் சேர்ந்து 15 கிலோ என்று வைத்துக்கொண்டால், 0.3 மில்லிமீட்டர் விலகலே ரிம் ஓரத்தில் 24 கிராம் எடை குறைவதற்குச் சமம். அங்கே 20 கிராம் குறைந்தாலே 60 மைல் வேகத்தில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட விசை நொடிக்கு 15 முறை சக்கரத்தைச் சுண்டி இழுக்கும். கனமான கார் இதைப் பொறுத்துக்கொள்ளும். லேசான முன்பக்கம் கொண்ட இந்த வண்டி அப்படியே கையில் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

சில பவுண்டு விலையுள்ள வளையத்தைப் போட்டு, சக்கரம் தரையைத் தொடாத நிலையில் நட்டுகளைக் குறுக்குமறுக்காகக் கையால் முறுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரென்ச்சால் இறுக்கியதும் உதறல் பெரும்பாலும் போய்விட்டது.

தொளதொளப்பு போகவில்லை, அது போகும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அதைத் தேடும் முறை வேறு. முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 3, 9 எண்களின் இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட் மூட்டுகளின் ஆட்டம் தெரியும். 12, 6 எண்களின் இடத்தில் ஆட்டினால் சஸ்பென்ஷன் கையின் முனையிலுள்ள பால் ஜாயிண்ட் அல்லது ஹப் பேரிங்கின் ஆட்டம் தெரியும். அப்போது ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க ஆட்டம் மறைந்தால் அது பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். இந்த வண்டியின் முன் ஹப் முழு யூனிட்டாகவே வருகிறது, பழைய கார்களைப் போல நட்டை இறுக்கிச் சரிசெய்ய வழியில்லை. என் வண்டியில் இவை எல்லாமே நன்றாக இருந்தன. இங்கிலாந்தில் கட்டாயமான எம்ஓடி என்ற வாகனப் பாதுகாப்புச் சோதனையில் ஆண்டுதோறும் தேறியதும் அதனால்தான். வண்டி ஆபத்தில்லாமல் இருக்கிறதா என்பதுதான் அந்தச் சோதனையின் கேள்வி. ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கிறதா என்பது அதன் வேலையல்ல.

விடை கிடைத்தது சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்கும்போதுதான். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை நடுநிலையில் சிறிது சிறிதாக இடவலம் ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஸ்டீயரிங் தண்டின் மூட்டில் தொடங்கி ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் கீழே படுத்திருந்தேன். ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக்கிச் சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் மேல் விரல்களை வைத்ததும், சக்கரம் திரும்புவதற்கு முன்னால் ரேக்கே மொத்தமாகப் பக்கவாட்டில் நழுவி நின்றது தெரிந்தது. ரேக்கை முன் சப்ஃப்ரேமோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள், பவர் ஸ்டீயரிங் சீலில் கசிந்த எண்ணெயில் பல ஆண்டுகள் ஊறி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்குக் குழைந்திருந்தன. முன்பு பார்த்த ஓர் ஒர்க்‌ஷாப்பில் ரேக்கின் அட்ஜஸ்டரை இறுக்கிவிடலாம் என்றிருந்தார்கள். நல்லவேளை, நான் சம்மதிக்கவில்லை. ரேக் நடுவில்தான் அதிகம் தேயும், ஓரங்களில் தேயாது. நடுவுக்காக இறுக்கினால் ஓரங்களில் பிடிக்கும், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது.

புதிய புஷ்களைப் பாலியூரித்தேனில் போடாமல் அசல் ரப்பரிலேயே போட்டேன். பாலியூரித்தேன் இன்னும் துல்லியம் தரும், ஆனால் சாலையின் சின்னச் சின்னச் சொரசொரப்பையும் சேர்த்துத் தரும். தினமும் ஓட்டும் வண்டிக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து. சீலை மாற்றி, நான்கு சக்கர அலைன்மெண்ட்டும் செய்தபோது சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளில், சக்கரக் கோணத்தைச் சரிசெய்ய உதவும் கேம் போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. அதை அறுத்து எடுத்ததற்கு ஆன கூலி மற்ற வேலைகள் எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது.

இப்போது இந்த ஸ்டீயரிங்குக்கு ஈடாக நான் ஓட்டிய எதையும் சொல்ல முடியாது. 60 மைலில் உள்ளங்கை தளர்ந்தபடி பிடித்திருக்கலாம். வளைவுக்குள் நுழையும்போது முன் டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிகிறது. ஈரச் சாலையில் பிடி குறைவதும் ஸ்டீயரிங் கனம் இழப்பதால் உடனே தெரிந்துவிடுகிறது. மின்சார மோட்டார் உதவியோடு திரும்பும் இன்றைய கார்களில் எனக்கு இது கிடைக்கவே இல்லை. என் வண்டியை விற்கும் எண்ணமும் இல்லை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. குறை வண்டியில் இல்லை; அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். டயல் கேஜ் எடுத்து அளக்கும் ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள், பாகத்தை மாற்றிப் பார்த்துப் பணம் வாங்கும் பலரைக் கடக்க வேண்டியிருக்கிறது. வண்டியின் விலையோ இப்போது விளையாட்டாக வாங்கும் விலையாக இல்லை. அந்த அலைச்சலை, வேலைக்கும் வீட்டுக்குமே நேரம் போதாத ஒருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால், ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டயர் சூடேறும்வரை ஓட்டி, நெடுஞ்சாலையில் 50 மைலிலிருந்து 70 வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். திரும்பி வந்ததும் அசல் அல்லாத வீல்கள் இருந்தால் நான்கையும் கழற்றி வளையம் இருக்கிறதா என்று பார்க்கக் கேளுங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டு, ரேக்கின் மேல் உங்கள் கையை வையுங்கள். விற்பவர் இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.