ஒரே மாலை, இரண்டு அரங்குகள்

மார்கழி மாலையொன்றில் மியூசிக் அகாடமிக் கச்சேரியும் திருவான்மியூர்க் கலாக்ஷேத்ராவின் நடனமும் ஒரே நேரத்தில் அமைந்தபோது, போக்குவரத்து நெரிசலில் இரண்டையும் பாதிபாதியாகக் காண முயல்வது வீண் என்றுணர்ந்து, நடனத்தையே தேர்ந்தேன். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய அந்நிறுவனத்தின், கேரளக் கோயில் நாடக அரங்கான கூத்தம்பலத்தின் சாயலில் எழுந்த அரங்கில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்ததால், வர்ணம் என்னும் நீண்ட நடன உருப்படியில் தீர்மானம் என்ற தாள அடவுக் கோவை முடிந்து ஆடுபவர் அசையாது நின்ற கணத்தில், சலங்கையில் ஒற்றை மணி மட்டும் தாமதமாகச் சிணுங்கியதும் தெளிவாகக் கேட்டது. முன்னறிவிப்பின்றி அரை மணி தாமதித்த வாடகைக் கார்தான் எரிச்சலூட்டியது. கச்சேரியைத் தவறவிட்ட ஏக்கம், உண்மையைச் சொன்னால், அகாடமி சிற்றுண்டிச்சாலையின் காப்பியைப் பற்றியதாகவே இருந்தது. அடர்மரங்களுக்கிடையே நடந்து அரங்கை அடைய வேண்டியிருப்பதால், முதியோரை அழைத்துச் செல்பவர்கள் சற்று முன்னதாகவே புறப்படுவது நல்லது.